வில்லில் ஒரு கண்ணாடி, அதற்கு ஒரு மூடி



கொல்லிமலையில் வில்லைப் பற்றிப் பேச வந்தால் இம்மலையை ஆண்ட ஓரியை வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அவருடைய ஒரே அம்பு துளைத்துப் போனதை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. ஓரியின் வில்லில் கண்ணாடி கிடையாது. இன்று உங்களில் சிலர் கையில் வைத்திருக்கும் காம்பவுண்டு வில்லில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைக் காக்கும் மூடியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

மூடிக்கு ஒரு சொற்பொழிவா என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்வைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் லென்ஸ்களில் கீழே விழுந்து உடைந்தவை குறைவு. பத்திரமாக மூடி, பத்திரமாகப் பெட்டியில் வைத்து, அந்தப் பத்திரத்தாலேயே கெட்டுப்போனவைதான் அதிகம். மலையிலிருந்து வருபவை பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. கடையில் விற்கிற மூடிகள் காய்ந்த காற்றும் குளிரும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் மலைக்கு வேறு மூடி வேண்டும், அதை நாமே வரைந்து செய்துகொள்ள முடியும். இதைச் சொல்லத்தான் மலையேறி வந்தேன்.

காம்பவுண்டு வில்லைப் பார்த்திராத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வில்லின் இரு முனையிலும் உருளைகள் இருக்கும். நாணை முழுக்க இழுத்த பிறகு கைக்குப் பாரம் குறைந்துவிடும். நாணில் பீப் என்ற சின்னத் துளை. வில்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையம், அதற்குள் லென்ஸ். இதுதான் ஸ்கோப். ஒலிம்பிக்கில் இதுவரை நாம் பார்த்துவந்த ரிகர்வ் வில்லில் பெரிதாக்கிக் காட்டும் லென்சுக்கு அனுமதி இல்லை, காம்பவுண்டில் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டியும் சேர்ந்திருக்கிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜோதி சுரேகா மூன்று தங்கம் வென்றது இந்த வில்லில்தான்.

போட்டியில் இலக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கும். இலக்குத் தாளில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டம் 8 சென்டிமீட்டர். அரை டயாப்டர் திறனுள்ள லென்ஸ் ஒன்றைக் கண்ணிலிருந்து கை நீளத்துக்கு, அதாவது எழுபது சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், அந்த வட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தெரியும். இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த லென்சில் லேசாக மங்கல் விழுந்தாலும் நடு வட்டத்தின் விளிம்பு கலைந்துபோகும். வில்லாளி தன் கையையும் மூச்சையும் சந்தேகப்படுவார், பயிற்சியை மாற்றுவார், நாணை மாற்றுவார். லென்ஸைக் கடைசியில்தான் பார்ப்பார்.

இப்போது லென்ஸ் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதைக் குறைக்க லென்ஸ் மேல் மெல்லிய பூச்சு போடுகிறார்கள். கடையில் கோட்டிங் என்பார்கள். அந்தக் காலத்திலிருந்து புழங்கும் மக்னீசியம் புளோரைடு பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் சட்டை நுனியால், வேட்டி முனையால் துடைப்பது இந்தப் பூச்சைத்தான். துணியில் ஒட்டியிருக்கும் மண் தூசியில் குவார்ட்ஸ் உண்டு, அது கண்ணாடியைவிடக் கடினம். பிளாஸ்டிக் லென்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே மூடி என்பது தூசி விழாமல் தடுப்பதற்கு மட்டுமல்ல, துடைக்க வேண்டிய தேவையையே குறைப்பதற்கு. எத்தனை முறை துடைக்கிறோமோ அத்தனை முறை லென்சின் ஆயுளைக் குறைக்கிறோம்.

தூசி மெதுவாகக் கெடுக்கும். ஈரம் அப்படியல்ல, ஒரே மழைக்காலத்தில் முடித்துவிடும். கேமரா பழுது பார்ப்பவர்கள் லென்சில் பங்கஸ் பிடித்துவிட்டது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் எழுபது சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் இருந்தால், லென்ஸ் மேல் பூஞ்சை முளைக்கும். அதற்குத் தீனி அதிகம் வேண்டாம், விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு போதும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் விளிம்பில் தொடங்கும். ஒரு புள்ளி, அதிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள், இழைக்கு இழை கிளை விட்டு நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இழைகளைத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் பூஞ்சை வளரும்போது விடுகிற அமிலம் பூச்சை அரித்து, சில சமயம் கண்ணாடியிலேயே தடம் போட்டுவிடும். இழை போன பிறகும் அதன் வடிவம் லென்சில் நிற்கும். அதற்கு மருந்து கிடையாது.

கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகை எப்படியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. அந்த நாளில் பயிற்சி முடித்த பிள்ளை என்ன செய்கிறார்? சாரல் பட்ட ஸ்கோப்பை அவசரமாகத் துடைத்து, இறுக்கமான ரப்பர் மூடியைப் போட்டு, பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்துவிடுகிறார். மூடிக்குள் ஈரம், இருட்டு, அசையாத காற்று. பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. காற்றுப் புகாத மூடி நல்ல மூடி என்ற எண்ணம் இந்த ஒரு காரணத்துக்காகவே நம்மை விட்டுப் போக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. இந்த மலை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தம் நாமக்கல் சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே உண்மையிலேயே காற்றுப் புகாத மூடியைப் போட்டுக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போனால், மூடிக்குள் இருப்பது மலைக் காற்று, வெளியே இருப்பது சமவெளிக் காற்று. நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை வெளிக்காற்று ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு அமுக்கும். மூடி நடுவில் குழிந்து லென்ஸைத் தொடும். போட்டி மைதானத்தில் அதைப் பிடுங்கி எடுக்கும்போது ஸ்கோப் பொருத்தப்பட்டிருக்கும் கம்பியே அசைந்துபோகலாம். குறி பார்த்துச் சரிசெய்து வைத்த அளவெல்லாம் அத்தோடு போயிற்று. மூடியில் ஒரு ஊசித்துளை இருந்திருந்தால் இவ்வளவும் நேராது.

அதற்காக மூடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பயணத்தில் மூடி செய்கிற ஒரு பெரிய உதவியையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மலையில் குளிர்ந்துபோன லென்ஸை, மழைக்காலச் சமவெளியின் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் திடீரென்று திறந்தால் நொடியில் பனி பூத்துவிடும். எல்லோரும் அதைத் துடைப்பார்கள், மறுபடி பூக்கும், மறுபடி துடைப்பார்கள். இறங்கியவுடன் திறக்காதீர்கள். மூடியோடு அரைமணி நேரம் நிழலில் விடுங்கள். லென்ஸ் மெல்ல வெளிச்சூட்டுக்கு வரட்டும். துளை சிறியதாக இருப்பதால் ஈரக் காற்று மளமளவென்று உள்ளே போகாது. துளையின் அளவில் இதைக் கவனிக்க வேண்டும்: அழுத்தம் சமமாக வேண்டும், காற்று அடித்து வீசக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் போதும்.

எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதைப் பெரிய கருவிகள் வைத்திருப்பவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. நம் மலையைப் போலவே அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைதான். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வுக்கூடத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986இல் செயலுக்கு வந்தது. இரவில் காற்றின் ஈரம் எல்லை கடந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குவிமாடத்தை மூடிவிடுவதுதான் வானாய்வுக்கூடங்களின் வழக்கம். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதற்கு அவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள ஈரமானி ஒன்று பயிற்சிக் கூடத்தில் தொங்கினால் போதும்.

மூடியைக் கழற்றாமலே பார்க்க முடியாதா என்று கேட்கலாம். ஸ்கோப்பைவிடச் சிறிய பார்வைக் கருவி ஒன்று உண்டு. துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் படைகளிலும் புழங்கும் ரெட் டாட். சாய்ந்த கண்ணாடியில் ஒரு புள்ளியைத் தோன்றவைத்துக் குறி பார்க்கும் அந்த முறையை 1900இல் கண்டவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்டு கிரப், தொலைநோக்கி செய்பவர். அவருடைய பட்டறையில் செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று பவநகர் அரசரின் கொடையால் புணேவுக்கு வந்து, 1912இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவிக்கும் குவிமாடத்துக்குள் நிற்கும் கருவிக்கும் ஒரே பட்டறைதான் தாய்வீடு. ரெட் டாட்டுக்குக் கண்ணாடி போலத் தெளிவான மூடி போட்டு, அதன் வழியாகவே பார்ப்பவர்கள் உண்டு. வில்லுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கூடுதலாக இரண்டு பரப்பு, எட்டு சதவீத ஒளி நட்டம், அதில் விழும் கீறல் வேறு. பார்க்கும்போது லென்சுக்கு முன்னால் ஒன்றும் இருக்கக் கூடாது. பார்க்காதபோது மூடி இருக்க வேண்டும்.

இனி மூடியின் வடிவம்.

வெர்னியர் வைத்து ஸ்கோப் வளையத்தின் வெளிவிட்டத்தை மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் உள்விட்டம் அதைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவாக இருக்கட்டும். 40 மில்லிமீட்டர் வளையத்துக்கு 39.2. நீளும் பொருளில் செய்தால் இந்தப் பிடிப்பு போதும், பைக்குள் குலுங்கினாலும் கழலாது. சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். மூடியின் உட்புறம் லென்ஸைத் தொடவே கூடாது. அரை டயாப்டர் லென்சின் நடுப்புடைப்பு மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் பலர் நடுவில் வட்ட ஸ்டிக்கரோ ஒளியிழை முள்ளோ வைத்திருப்பீர்கள். அதற்கும் சேர்த்து ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

துளை எங்கே போடுவது என்பதில்தான் நிறைய யோசித்தேன். நீர் கீழே வடிய வேண்டும் என்று அடியில் ஒரு துளை போட்டால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் வில் எப்போதும் நிமிர்ந்தே இருப்பதில்லை. தாங்கியில் நிற்கும்போது ஒரு பக்கம் கீழே, பையில் படுக்கும்போது வேறு பக்கம் கீழே. எனவே சுவரில் இரண்டு துளை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. வில் நிற்கும் நிலையில் அடியில் ஒன்று, படுத்த நிலையில் அடியில் வருமாறு இன்னொன்று. துளை வரும் இடத்தில் மட்டும் சுவரைத் தடிமனாக்கி, துளை நேராக உள்ளே போகாமல் ஒரு வளைவு வளைந்து போனால் தூசி அந்த வளைவிலேயே தங்கிவிடும்.

அடுத்தது கழற்றுவது. மாறி மாறி எய்யும் தனிநபர் ஆட்டத்தில் ஒரு அம்புக்கு 20 நொடி. மணி அடித்த பிறகு மூடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெளிவிளிம்பில் விரல் நுழையும்படி ஒரு காது விடுங்கள். கையுறையோடும் பிடிக்க வர வேண்டும், மழையில் வழுக்கவும் கூடாது. ஷீதல் தேவியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜம்மு காஷ்மீரின் கிஷ்துவாரில் கைகள் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து காம்பவுண்டு கலப்பு அணியில் வெண்கலம் வென்றார். அவரைப் போன்ற ஒருவர் வேறு யாரையும் கூப்பிடாமல் கால்விரலாலோ பல்லாலோ கழற்ற முடிகிறதா என்று பார்த்துத்தான் ஒரு மூடியின் காதை முடிவு செய்ய வேண்டும். அவருக்கு எளிதாக இருப்பது நம் எல்லோருக்கும் எளிதாக இருக்கும்.

கழற்றிய மூடி ஸ்கோப்பிலேயே தொங்கக் கூடாது. தூக்கித் திறக்கும் கீல் வைத்த மூடிகள் துப்பாக்கிக்குப் பொருந்தும். வில்லில் அது காற்றைப் பிடித்துக் கம்பியை ஆட்டும், ஒவ்வொரு எய்தலின் அதிர்விலும் படபடக்கும். முழுதாகக் கழன்று வந்து, இடுப்பில் அம்புக்கூடோடு ஒரு கயிற்றில் நிற்கட்டும். நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. இங்கே மண் செம்மண், புல் பச்சை. இரண்டிலும் மறையாத நிறமாக இருந்தால் கீழே விழுந்தாலும் தேடி எடுத்துவிடலாம்.

பொருளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. வளையும் பிவிசி வேண்டாம். அதை நெகிழ வைக்கச் சேர்க்கும் எண்ணெய் வெயிலில் ஆவியாகி லென்ஸ் மேல் படியும். காருக்குள் கண்ணாடியில் படியும் அந்த மங்கல்தான் அது. உள்ளே பஞ்சு நுரை ஒட்டாதீர்கள். ஈரத்தில் அந்த நுரை சில வருடத்தில் பிசுபிசுத்து உதிரும். தோல் உறை அழகுதான், ஆனால் தோலே பூஞ்சைக்குத் தீனி, மழைக்காலத்தில் தோல் பைக்குள் லென்ஸைப் பூட்டி வைக்க வேண்டாம். சிலிக்கோன் ரப்பர் நல்லது. முப்பரிமாண அச்சில் செய்வதாக இருந்தால் டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக் கிடைக்கிறது. அதில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. ஈரத்தைத் தாங்குவது பாலியீதர் வகை. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய வேலையல்ல. லாரிக்குப் பாடி கட்டுகிற நாமக்கல்லும், போர் போடும் ரிக் வண்டி கட்டுகிற திருச்செங்கோடும் கீழே சமவெளியில் இருக்கின்றன. அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையின் துல்லியமே இதற்குத் தாராளம்.

மூடியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணில் நடந்த ஒரு பழைய கதை உண்டு. 1802இல் சென்னையில் நில அளவைக்கு அடிக்கோடு போட்ட வில்லியம் லாம்டன், கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்றை லண்டனிலிருந்து தருவித்தார். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தும், கருவியை மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள். அப்படி வந்ததை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. பெட்டியோடு சுவரில் மோதியதில் கருவியின் அளவு வட்டம் கோணிப்போனது. ஆறு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே அதை நிமிர்த்தினார் லாம்டன். பெட்டி இருக்கத்தான் செய்தது. ஆனால் கருவி எப்படியெல்லாம் நகரப்போகிறது, எங்கே மோதப்போகிறது என்பதை நினைத்துச் செய்த பெட்டியல்ல. நம் ஸ்கோப்பும் இருசக்கர வண்டியில் முதுகுப்பையில் எழுபது வளைவு இறங்குகிறது. மூடியை வரையும்போது அந்த வண்டியையும் அந்தப் பையையும் நினைத்து வரைய வேண்டும்.

வீட்டில் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் ஊதுபந்தால் தூசியை ஊதித் தள்ளுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் லென்ஸ் தாள். பிளாஸ்டிக் லென்சில் அசிட்டோன் படவே கூடாது. ஈரம் காயும்வரை மூடாதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது நம் வழக்கம், அது வேண்டாம். அரிசியின் மாவுத்தூள் லென்சில் ஒட்டி, அதுவே பூஞ்சைக்குத் தீனியாகும். மூடி போடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு அதில் வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். பள்ளி ஆய்வகங்களில் உருப்பெருக்கி இருக்கும் அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்கள். அதற்கு நல்ல கணக்கு உண்டு. 20 டிகிரியில் தொண்ணூறு சதவீத ஈரமுள்ள காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரையும் வெளியேற்றாமலே ஈரப்பதம் 66 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூஞ்சை முளைக்கும் எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு பல்பு அலமாரி வைத்தால் எல்லோருடைய ஸ்கோப்பும் அதில் தங்கும், தனித்தனியே செலவில்லை.

செய்த மூடியைச் சோதிக்கும் முறை எளிது. ஸ்கோப்பில் வேண்டாம், அதே விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டின் வாயில் சாதாரணக் கண்ணாடித் தகடு ஒட்டி, அதன் மேல் மூடியைப் போடுங்கள். உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மழைக்காலத்து ஒரு இரவு திண்ணையில் வைத்து, காலையில் கண்ணாடியில் பனி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் துளை போதவில்லை. பிறகு சாம்பல் தூவிய பைக்குள் போட்டு வண்டியில் காரவள்ளி போய் வாருங்கள். கண்ணாடியில் சாம்பல் இருந்தால் வளைவு போதவில்லை. இரண்டிலும் தேறிய மூடியை மட்டும் லென்சுக்குப் போடுங்கள்.

மேசையில் வெர்னியர் இருக்கிறது. ஸ்கோப் கொண்டு வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அளந்து, அளவைப் பலகையில் எழுதுங்கள். ஒரே அளவில் எத்தனை வருகிறது என்று தெரிந்தால் எத்தனை அச்சு வேண்டும் என்று இன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.